2018ல முதல் ரவுண்ட்லயே தோத்த டோனி பென்னட்டுக்கு 'கோச் ஆஃப் தி இயர்' கொடுத்தது நியாயமா?

நியாயம்தாங்க, அதுல எனக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் கிடையாது. பென்னட் அப்ப அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல வர்ஜீனியா யுனிவர்சிட்டி டீமோட கோச். கேள்வி கேட்டவர் அனேகமா அந்த மேட்ச் ஹைலைட்ஸை மட்டும் யூடியூப்ல பார்த்துட்டு, அப்புறம் விருது லிஸ்ட்டைப் பார்த்து கடுப்பாகியிருப்பீங்க. வெளியிலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். நான் அந்த சமயத்துல அதே வர்ஜீனியா யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தேன். "நீ அந்த ஊர்க்காரன், அப்படித்தான் பேசுவ"ன்னு கமெண்ட்ல யாராவது வருவாங்க, வரட்டும். முழுசா படிச்சிட்டு வாங்க.

முதல்ல ஒரு விஷயம். அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனம் கொடுக்கிற இந்த விருதுக்கு ஓட்டு போடறவங்க, வாராவாரம் நாட்டோட டாப் 25 டீம் லிஸ்ட் போடற அதே பத்திரிகைக்காரங்கதான். அவங்க ஓட்டு போட்டு முடிச்சப்புறம்தான் மார்ச் மாச தேசிய நாக்-அவுட் டோர்னமெண்ட்டே ஆரம்பிக்கும். ரிசல்ட்டை மட்டும் கடைசில ஃபைனல் ஃபோர் (செமி ஃபைனல்) சமயத்துல அறிவிப்பாங்க. அதனால பார்க்கறவங்களுக்கு, தோத்தப்புறம் கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அந்த டீமை வச்சு என்ன செஞ்சார்ங்கறதுதான் கணக்கு.

என்ன செஞ்சார்னு சொல்றேன். சீசன் ஆரம்பத்துல வர்ஜீனியா டாப் 25லயே கிடையாது. அவங்க ஆடற ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ்ல (பல யுனிவர்சிட்டி டீம்கள் சேர்ந்த லீக் மாதிரி) ஆறாவதா வருவாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. டியூக், நார்த் கரோலினா எல்லாம் இருக்கிற கான்ஃபரன்ஸ் அது. அதுல 18 மேட்ச்ல 17 ஜெயிச்சு, கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்டும் ஜெயிச்சு, மொத்தம் 31 ஜெயிச்சு 2 மட்டும் தோத்து, நாட்டுலயே நம்பர் 1 டீமா மார்ச்சுக்குள்ள வந்தாங்க. பெரிய ஸ்டார் யாரும் கிடையாது. அப்பா டிக் பென்னட் உருவாக்கின 'பேக் லைன்' டிஃபென்ஸை மகன் பசங்களுக்கு ஊட்டி வளர்த்திருந்தார், அஞ்சு பேரும் உள்ள நெருங்கி நின்னு ரிங் பக்கம் ஆளை நுழையவே விடமாட்டாங்க. எதிர் டீம் ஒரு மேட்ச் முழுக்க சராசரியா 53, 54 பாயிண்ட் எடுத்தாலே பெருசு.

அப்புறம் மார்ச் 16, சார்லட்ல யு.எம்.பி.சி.ங்கற யுனிவர்சிட்டி டீம் கூட முதல் ரவுண்ட் மேட்ச். டோர்னமெண்ட்ல ஒவ்வொரு பிரிவுலயும் 1லேர்ந்து 16 வரைக்கும் ரேங்க் கொடுப்பாங்க, எங்களுக்கு 1, அவங்களுக்குக் கடைசி 16. அதுவரைக்கும் ஆண்கள் டோர்னமெண்ட்ல 1ஆம் ரேங்க் டீமும் 16ஆம் ரேங்க் டீமும் மோதின 135 மேட்ச்லயும் 1ஆம் ரேங்க்தான் ஜெயிச்சிருக்கு. நாங்க ஃப்ரெண்டோட அபார்ட்மெண்ட்ல கூட்டமா உட்கார்ந்து பார்த்தோம். பாதி பேருக்கு பாஸ்கெட்பாலே புதுசு, காலேஜ் பாசத்துல ஆரஞ்சு டீஷர்ட் போட்டுக்கிட்டு வந்தவங்க. ஹாஃப் டைம்ல 21-21. யாரோ உப்புமா கிளறிட்டு இருந்தாங்க, "பரவால்ல, செகண்ட் ஹாஃப்ல பிடிச்சிருவாங்க"ன்னு சொல்லிக்கிட்டோம். செகண்ட் ஹாஃப்ல மட்டும் யு.எம்.பி.சி. 53 பாயிண்ட். அந்த டீம்ல ஜைரஸ் லைல்ஸ்ங்கற பையன் மொத்தம் 28 அடிச்சான். 74-54. அந்த உப்புமாவை யாரும் தொடல.

எங்க டீம் பையன் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு உடைஞ்சு அந்த மேட்ச்ல ஆடலைங்கறதையும் சேர்த்துக்கணும், ஆனா பென்னட் அதை சாக்கா வைக்கல. மேட்ச் முடிஞ்ச கையோட கேமரா முன்னாடி நின்னு, அவங்க எங்களைவிட நல்லா ஆடினாங்கன்னு சொல்லி அந்த டீமைப் பாராட்டிட்டுப் போனார். பசங்க மேல ஒரு வார்த்தை பழி போடல.

மறுநாள் அப்பா ஊர்லேர்ந்து போன் பண்ணப்ப இதைச் சொன்னேன். எங்கப்பா பி.டி. மாஸ்டர், ரிட்டயர் ஆயிட்டார். அவர் ஸ்கோரே கேக்கல. "கோச் பசங்களைப் பத்தி என்ன சொன்னார்?"னுதான் முதல் கேள்வி. சொன்னேன். "அப்ப அடுத்த வருஷம் பாரு"ன்னார்.

இந்தக் கேள்வி எனக்கு எங்க சுடுதுன்னா இங்கதான். அப்பா வேலை பார்த்த ஸ்கூல்ல மண் கிரவுண்ட். மேட்ச் அன்னைக்குக் காலைல கயிறு பிடிச்சு சுண்ணாம்புல கோடு போடறது அவர்தான், ரிங்ல நெட் கிழிஞ்சா நைலான் கயிறு வாங்கி ஸ்டூல் மேல ஏறி பின்னறதும் அவர்தான். ஒரு பேட்ச் பசங்க, ஒருத்தன்கூட பெரிய உயரம் கிடையாது, பாதி பேர் வெறுங்கால்ல பிராக்டிஸ் பண்ணவங்க, ஜோனல் ஜெயிச்சு மாவட்ட ஃபைனல் வரைக்கும் போய் ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. அந்த வருஷம் ஆண்டு விழால அவங்க பேரையே வாசிக்கல, ஏன்னா கண்ணாடி பீரோல வைக்க கப்பு வரல. ஸ்டேஜ் பின்னாடி அந்தப் பசங்க வாலண்டியர் பேட்ஜ் குத்திக்கிட்டு சேர் தூக்கிட்டிருந்தாங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

இதோட விட்டா பரவால்ல. டென்த், ப்ளஸ் டூ வந்துட்டா பி.டி. பீரியடே கிடையாது, கணக்கு டீச்சரோ சயின்ஸ் டீச்சரோ "ரெண்டு வாரம் மட்டும் கொடுங்க சார்"னு வாங்கி வருஷம் பூரா வச்சுக்குவாங்க. பி.டி. மாஸ்டர்னா லேட்டா வர்றவனை கேட்ல நிறுத்தறது, முடி வெட்டாதவனைப் பிடிக்கறது, பிரேயர்ல லைன் நேராக்கறது, இதுக்குத்தான்னு நினைச்சுக்கறாங்க. அப்புறம் ஒலிம்பிக்ஸ் வந்ததும் "ஏன் நமக்கு மெடல் வரல"ன்னு அதே ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து பேசுவாங்க. கேள்விக்கு சம்பந்தமில்லைன்னு தெரியும், ஆனா இதை எங்கயாவது சொல்லியே ஆகணும்னு ரொம்ப நாளா இருந்தது.

சரி, அடுத்த வருஷத்துக்கு வருவோம். 2019 முதல் ரவுண்ட்ல மறுபடி ஒரு 16ஆம் ரேங்க் டீம், கார்ட்னர்-வெப். ஹாஃப் டைம்ல 36-30ன்னு வர்ஜீனியா பின்னாடி. எனக்குக் கை நடுங்கிச்சு, பொய் சொல்லல. அங்கிருந்து 71-56ன்னு ஜெயிச்சாங்க. பர்டியூ கூட கடைசி நொடியில எங்க பையன் டியாகிட்டே போட்ட ஷாட்ல ஓவர்டைம் போய் ஜெயிச்சாங்க, ஆபர்ன் கூட 0.6 செகண்ட் இருக்கும்போது கைல் கைங்கற எங்க பையன் மூணு ஃப்ரீ த்ரோ போட்டு 63-62. ஃபைனல் மினியாபொலிஸ்ல டெக்சஸ் டெக் கூட, ஓவர்டைம்ல 85-77. முந்தின வருஷம் கையில கட்டோட உட்கார்ந்திருந்த ஹண்டர் அதுல 27 பாயிண்ட். எல்லாம் பெரும்பாலும் அதே பசங்கதான்.

கப்பு ஜெயிச்சப்புறம் சம்பளத்தை ஏத்தித் தர்றோம்னு யுனிவர்சிட்டி சொன்னப்ப பென்னட் வேண்டாம்னுட்டார். அவரும் மனைவியும் சேர்ந்து, பசங்க விளையாட்டுக்கு அப்புறம் வேலைக்குத் தயாராகற திட்டத்துக்கு 5 லட்சம் டாலர் தர்றதா சொன்னாங்க. ஏன் எனக்கு இவ்ளோ மரியாதைன்னு புரியுதா?

"கப்பு ஜெயிச்ச கோச்சுக்கே கொடுத்துட்டா பிரச்சனையே இல்லையே"ன்னு கேப்பீங்க. அப்படிக் கொடுத்தா அது இன்னொரு கப்பு, அவ்ளோதான். இந்த விருதோட வரலாறே வேற மாதிரி. 1967ல ஆரம்பிச்சு ஜான் உடன்ங்கற கோச்சுக்கு அஞ்சு தடவை கிடைச்சது உண்மை. ஆனா அஞ்சு சாம்பியன்ஷிப் ஜெயிச்ச டியூக் கோச்சா இருந்த க்ரெஜெஸ்கிக்கு இந்த ஏ.பி. விருது ஒரு தடவைகூட கிடைச்சதில்ல, 879 மேட்ச் ஜெயிச்ச நார்த் கரோலினா கோச் டீன் ஸ்மித்துக்கும் இல்ல. வருஷா வருஷம் நாட்டுலயே பெஸ்ட் பசங்க தேடி வர்ற இடத்துல ஜெயிச்சா அது எதிர்பார்த்ததுன்னு விட்டுடுவாங்க. அதுவும் ஒருவகையில அநியாயம்தான், டியூக் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, ஒத்துக்கறேன். பென்னட்டுக்கே முதல் தடவை கிடைச்சது 2007ல, வாஷிங்டன் ஸ்டேட்ல, கான்ஃபரன்ஸ்ல கடைசியா வரும்னு எல்லாரும் சொன்ன டீமை 26 மேட்ச் ஜெயிக்க வச்சப்போ.

2019ல பென்னட் சாம்பியன் ஆனப்ப ஏ.பி. விருது யாருக்குப் போச்சு தெரியுமா? ஃபைனல்ல அவர்கிட்ட தோத்த டெக்சஸ் டெக் கோச் கிறிஸ் பீர்டுக்கு. ஏழாவதா வரும்னு சொன்ன டீமை, கேன்சஸ் தொடர்ந்து 14 வருஷம் பிடிச்சு வச்சிருந்த பிக் 12 கான்ஃபரன்ஸ் பட்டத்தைப் பறிக்க வச்சார் (கேன்சஸ் ஸ்டேட் கூடப் பங்கு போட்டுக்கிட்டாங்க). எங்க ஆளுக்கு வரலைன்னு அன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்ல பசங்க கத்தினாங்க. எனக்கு ஓட்டு இருந்திருந்தா நானும் பீர்டுக்குத்தான் போட்டிருப்பேன்.