நாலு பேரும் ஸ்கீ பண்ணா கேமராவ யார் புடிக்கிறது?

கேள்வி: அண்ணா, எட்டு வருஷமா ஃப்ரீஸ்கீதான் (பனி மலைல நம்ம இஷ்டத்துக்கு ஜம்ப், டிரிக்னு சறுக்கறது) எனக்கு பொழப்பு. ஸ்கீ பிராண்ட், கண்ணாடி பிராண்ட்னு ரெண்டு மூணு ஸ்பான்சர் இருக்காங்க. போன சீசன்ல ஒரு பெரிய புரொடக்‌ஷன் கம்பெனியோட 40 நாள் சுத்தினேன், படத்துல நான் வந்தது 50 செகண்ட், அதுலயும் என் பெஸ்ட் லைன் (மலைல சறுக்கி இறங்கற ரூட்) இல்ல. இப்ப நாங்க நாலு பேர், எல்லாருமே புரொஃபஷனல்ஸ், சொந்தமா ஒரு படம் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அதுல ஒருத்தனுக்கு மார்ச்ல முட்டி லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆகிருக்கு, அடுத்த சீசன்ல பாதிக்கு மேல போற வரைக்கும் அவன் ஸ்கீ பண்ண முடியாது. தனியா கேமராமேன் வைக்க காசு பத்தாது, மாத்தி மாத்தி நாங்களே எடுத்துக்கலாம்னு பேசிட்டிருக்கோம். சரியா வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, மொதல்ல அந்த 50 செகண்ட பேசி முடிச்சிடுவோம், ஏன்னா உங்க லெட்டர்ல பாதி கோவம் அங்கதான் இருக்கு. கோவம் நியாயம்தான். ஆனா படத்துல யார் எவ்வளவு நேரம் வரணும்ங்கறது லைன் எவ்வளவு நல்லாருந்துச்சுங்கறத மட்டும் வச்சு முடிவாகறதில்ல. இந்த தொழில்ல ரொம்ப நாளா இருக்கற வழக்கம் என்னன்னா, பிராண்ட்காரங்க தங்களோட ஸ்கீயர் படத்துல வர்றதுக்காக புரொடக்‌ஷன் கம்பெனிக்கு காசு குடுப்பாங்க. உங்களுக்கும் குடுத்திருப்பாங்க, உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க. அதனால கேமராவுக்கு காசு எங்கேருந்து வரும்னு தேடறதுக்கு முன்னாடி உங்க பிராண்டோட டீம் மேனேஜர்கிட்ட ஒண்ணு கேளுங்க: போன வருஷம் என் பேர்ல கம்பெனிக்கு எவ்வளவு போச்சு, இந்த வருஷம் அத எங்க படத்துக்கு திருப்பி விட முடியுமா? நாலு பேரும் கேட்டீங்கன்னா "காசு பத்தாது"ங்கற பேச்சே கொஞ்சம் மாறிடும்.

ஸ்கீயர்ஸே படம் எடுக்கறது சரியா வருமான்னு கேட்டீங்க. இந்த தொழிலே அப்படி ஆரம்பிச்சதுதான். ஸ்கீ படத்துக்கே பேர் போன வாரன் மில்லர் 1946-ல அமெரிக்காவுல சன் வேலி ஸ்கீ ரிசார்ட்டோட பார்க்கிங்ல ஒரு குட்டி ட்ரெய்லர்ல ஃப்ரெண்டோட குடியிருந்துட்டு, 8 எம்எம் கேமராவுல ஒருத்தர ஒருத்தர் படம் புடிச்சாங்க, டர்ன் எங்க தப்பா போகுதுன்னு பாக்கறதுக்கு. அதுலேருந்துதான் வருஷா வருஷம் ஹால் ஹாலா போய் தன் படத்துக்கு தானே நேர்ல நின்னு கமென்ட்ரி குடுக்கற ஆளா ஆனார். டீட்டன் கிராவிட்டி ரிசர்ச்ங்கற ஸ்கீ பட கம்பெனிய 1995-ல ஆரம்பிச்ச ஜோன்ஸ் அண்ணன் தம்பிங்க, அலாஸ்கால மீன்பிடி வேலை பாத்து சேத்த காசுல கேமரா வாங்கினவங்க. உங்க கேஸுக்கு இன்னும் கிட்ட வர்றது நிம்பஸ் இண்டிபெண்டன்ட்ங்கற குரூப். எரிக் பொல்லார்ட், ஆண்டி மேர், பெப் ஃபியூஜஸ், கிறிஸ் பென்செட்லர்னு, எண்ணி பாருங்க, சரியா நாலு ஸ்கீயர். பெரிய கம்பெனி ஸ்டைல் பிடிக்காம தனியா வந்து, தங்களுக்கு பிடிச்ச மாதிரி மெதுவா, மூடா, டிரிக் கணக்கு பாக்காம எடுத்து, பின்னாடி சின்ன சின்ன எபிசோடா நெட்ல சும்மாவே விட்டாங்க. அதனால வழி இருக்கு. நீங்க போட்டு வச்சிருக்கற பிளான்லதான் ஓட்டை.

"மாத்தி மாத்தி எடுத்துக்கலாம்"னு சொல்றீங்களே, அது டிசம்பர்ல ஒழுங்கா நடக்கும், பனி சுமாரா இருக்கும், எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்க. ஜனவரில ஒரு நாள் ராத்திரி முழுக்க கொட்டி, காலைல வானம் தொறந்து, காத்தே இல்லாம, எந்த ட்ராக்கும் இல்லாத ஒரு முகடு எதிர்ல நிக்கும் பாருங்க, அன்னிக்கு யார் முறைன்னு கேட்டா ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான். தொறந்தாலும் கேமரா புடிச்சவன் மனசெல்லாம் தன் லைன்லதான் இருக்கும். நான் பன்னெண்டு சீசன் கேமரா தூக்கினவன், மொத ரெண்டு சீசன் இப்படித்தான் ஃப்ரெண்ட்ஸோட மாத்தி மாத்தி எடுத்தேன். ஒரு நாள் ஃப்ரெண்ட் மேல நின்னு ரேடியோல "மூணு, ரெண்டு, ஒண்ணு, டிராப்பிங்"ங்கறான், நான் அடுத்து நான் போகப்போற இடத்தையே பாத்துட்டு ரெகார்ட் பட்டன ரெண்டு தடவ அமுக்கிட்டேன். மொத அமுக்கல்ல ஓட ஆரம்பிச்சது ரெண்டாவது அமுக்கல்ல நின்னுடுச்சு. அவன் அந்த சீசனோட பெஸ்ட் லைன எடுத்து கீழ வந்து கைய தூக்கறான், நான் "கட்"னு நெனச்சு பட்டன அமுக்கறேன், அப்பதான் சிவப்பு புள்ளி எரியுது. கார்டுல இருந்தது என் பூட்ஸும் கொஞ்சம் பனியும். ஒரு லைன்ல ஒரு தடவ ட்ராக் விழுந்தா அடுத்த பனி கொட்டற வரைக்கும் அந்த முகடு முடிஞ்சுது, ரீடேக்லாம் கிடையாது. அவன் என்ன திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

கேமரா ஒரு ஆளோட முழு வேலையா இருக்கணும். உங்க முட்டி அடிபட்ட ஃப்ரெண்ட பத்தி நீங்களே எழுதிருக்கீங்க, ஆனா அவன நஷ்ட கணக்குல போட்டு எழுதிருக்கீங்க. எனக்கு படிச்ச ஒடனே இவன்தான்டா டைரக்டர்னு தோணுச்சு. ஒரு லைன் எங்க மேல தூக்கி விடும், எங்க ஸ்லஃப் (கூடவே சரிஞ்சு வர்ற மேல்பனி) வந்து கால புடிக்கும்னு தெரிஞ்ச ஆள் எதிர் முகட்டுல லாங் லென்ஸோட உக்காந்தா, வெளி கேமராமேன் மூணு சீசன்ல கத்துக்கறத அவன் மூணு நாள்ல புடிச்சிடுவான். டாக்டர் சம்மதிக்கற வரைக்கும் லிஃப்ட்ல போய் சேர முடியற இடமா பாத்து வைங்க, ஸ்னோமொபைல்ல குலுங்கறதெல்லாம் ஆரம்பத்துல வேணாம். ஆனா ஒண்ணு, இத அவன்கிட்ட வேலையா குடுக்காதீங்க, கேளுங்க. ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் பவுடர்ல (புதுசா விழுந்த மெத்து பனி) போறத ஒரு சீசன் முழுக்க கண்ணாடி வழியா பாத்துட்டு உக்காரறது லேசுப்பட்டது இல்ல. சிலருக்கு அது மருந்து, சிலருக்கு தண்டனை. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க.

அவனோட சேத்து, கூடவே ஸ்கீ பண்ணிட்டு ஃபாலோகேம் எடுக்க இன்னொரு ஆள் வேணும், இளசா, பசியோட இருக்கற ஒருத்தர புடிங்க. தினக்கூலி மட்டும் குடுத்து வைக்காதீங்க. கூத்தாடி கிழக்க பாப்பான், கூலிக்காரன் மேற்க பாப்பான்னு சும்மாவா சொன்னாங்க, எப்படா இருட்டும்னு நிக்கற ஆள் கைல கடைசி வெளிச்சத்தோட ஷாட் கெடைக்காது. கூலி கொஞ்சம், படத்துல பங்கு கொஞ்சம், போஸ்டர்ல பேர், இப்படி பேசுங்க.

கேமரா விஷயத்துல சின்னதா ரெண்டு மூணு. நேரா முன்னாடி நின்னு எடுத்தா எப்பேர்ப்பட்ட செங்குத்தும் படத்துல தட்டையா தெரியும், பக்கவாட்டுலேருந்து, எதிர் மலைலேருந்து எடுத்தாதான் சரிவு சரிவா தெரியும், ஆள் சின்னதா இருந்தா பரவால்ல, மலை பெருசா இருக்கட்டும். பனிய பாத்து கேமரா ஏமாந்து எல்லாத்தையும் இருட்டா எடுத்து வெள்ளைய சாம்பலாக்கிடும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ ஏத்தி வைங்க, ஜீப்ரா (வெளிச்சம் அதிகமான எடத்துல ஸ்கிரீன்ல தெரியற கோடு) மேல ஒரு கண்ணு இருக்கட்டும். மூடுபனி நாள்ல மேல ஏறாதீங்க, மரங்களுக்குள்ள போயிடுங்க, அங்கதான் மேடு பள்ளம் கண்ணுக்கு தெரியும். பேட்டரிய எல்லாம் உள் ஜாக்கெட் பாக்கெட்ல ஒடம்போட ஒட்டி வைங்க, குளிர்ல படுத்துடும். சாயங்காலம் ரூமுக்குள்ள வரும்போது கேமராவ பையிலேருந்து எடுக்காம அப்படியே மூடி வைங்க, இல்லன்னா லென்ஸெல்லாம் வேர்த்துடும்.

இனி சொல்றத கொஞ்சம் நிதானமா படிங்க. கேமரா இருந்தா மனுஷன் பத்து பர்சென்ட் முட்டாளாவான், எனக்கு தெரிஞ்ச எல்லாரும் ஆகிருக்கோம். கம்பெனி படத்துல வேண்டாம்னு சொல்ல ஒரு கைடு இருப்பார், அவர் உங்க ஃப்ரெண்ட் இல்ல, அதனால சொல்லிடுவார். உங்க படத்துல நீங்களே ஹீரோ, நீங்களே முதலாளி, செலவு பண்ண காசும் உங்களுது, மூணு நாள் மேகம் கலையட்டும்னு காத்துட்டு நாலாவது நாள் வெளிச்சம் வந்தா யாரு வேண்டாம்னு சொல்லுவா? 2009-ல பெரிய ஸ்கீயர் ஷேன் மெக்கான்கி இத்தாலில டோலமைட்ஸ் மலைல படப்பிடிப்புலதான் உயிர விட்டார். 2014 செப்டம்பர்ல ஸ்கீயர்ஸ் ஜேபி ஆக்லேரும் ஆண்ட்ரியாஸ் ஃபிரான்சனும் படம் எடுக்க சிலி பக்கம் போன எடத்துல அவலாஞ்ச்ல (பனிச்சரிவு) செத்துப் போனாங்க. இவங்கள விட அனுபவசாலிங்க யாரு இருக்கா சொல்லுங்க. உங்க டீம்ல ஒருத்தர் வேண்டாம்னா அன்னிக்கு அந்த லைன் கிடையாது, காரணம் கேக்கக் கூடாது, ராத்திரி கிண்டலும் பண்ணக் கூடாது. இன்னொண்ணு, எல்லாரும் மறக்கற விஷயம்: எதிர் முகட்டுல இருக்கற கேமராக்காரர ரெஸ்க்யூ கணக்குல சேக்காதீங்க. பனிக்குள்ள மூடினவர மொத 10-15 நிமிஷத்துல தோண்டி எடுத்தாதான் நல்ல வாய்ப்பு, அவர் அங்கேருந்து இறங்கி மறுபடி ஏறி வர்றதுக்குள்ள அது முடிஞ்சுடும். ஸ்கீ பண்றவர் தவிர இன்னும் ரெண்டு பேர் பீக்கன் (பொதைஞ்சவர் எங்கன்னு சிக்னல் காட்டற கருவி), ப்ரோப் (பனில குத்தி தேடற கம்பி), ஷவலோட பாதுகாப்பான எடத்துல கிட்டவே இருக்கணும். மூணு பேர்தான் இருக்கீங்க, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா அன்னிக்கு பெரிய லைன் இல்ல, ரிசார்ட்டுக்குள்ள போய் ஜாலியா ஏதாவது எடுங்க, படத்துக்கு அந்த மாதிரி ஷாட்டும் வேணும்.

பேப்பர் வேலை போர்தான், ஆனா படங்க பாதில நிக்கறது பெரும்பாலும் இங்கதான். நாலு பேருக்கும் வேற வேற ஸ்கீ பிராண்ட், ஒருத்தனுக்கு ஹெல்மெட்ல எனர்ஜி டிரிங்க், இன்னொருத்தனுக்கு அதோட எதிரி. படத்துக்கு மெயின் ஸ்பான்சரா ஒரு பிராண்ட் வந்தா மத்தவங்களோட கான்ட்ராக்ட்ல இடிக்கும், அதனால டைட்டில் ஸ்பான்சரா ஸ்கீ கம்பெனிய தேடாம வண்டி, பை, ஜாக்கெட்னு உங்க யாருக்கும் இல்லாத வகையில தேடுங்க. எடுத்த ஃபுட்டேஜ் யாருக்கு சொந்தம், நடுவுல ஒருத்தன் சண்டை போட்டு போயிட்டா அவன் ஷாட் என்னாகும், ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பிராண்ட் 10 செகண்ட் வெல குடுத்து கேட்டா யாருக்கு காசு, இதெல்லாம் இப்ப சிரிச்சுட்டே ஒரு பக்கத்துல எழுதி நாலு பேரும் கையெழுத்து போடுங்க. பாட்டு விஷயம் தனி தலவலி: பாட்டோட உரிமை ஒருத்தர்கிட்ட, அந்த ரெகார்டிங்கோட உரிமை இன்னொருத்தர்கிட்ட, ரெண்டு பேர்கிட்டயும் வாங்கணும். பிடிச்ச பாட்டுக்கு எடிட் பண்ணி முடிச்சுட்டு அப்புறம் கேக்கலாம்னு இருந்தீங்கன்னா வெல கேட்டு மயக்கம் வரும், கேக்காம போட்டா யூடியூப்ல கன்டென்ட் ஐடி (அடுத்தவங்க பாட்ட தானா கண்டுபிடிக்கற சிஸ்டம்) புடிச்சுக்கும். தெரிஞ்ச பேண்ட் யாராவது இருந்தா மொதல்லயே போய் பேசிடுங்க, நான் பாத்த வரைக்கும் அதுதான் நல்லா அமையுது.

எடிட்டிங் ரூமுக்குள்ள ஸ்கீ பண்ண மூணு பேரும் மொத கட் ரெடியாகற வரைக்கும் போகாதீங்க. தன் முதுகு தனக்கு தெரியாதும்பாங்க, தன் லைனும் அப்படித்தான். அந்த ஷாட்டுக்காக காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு அஞ்சு மணி நேரம் ஏறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாக்கறவங்களுக்கு அது தெரியாது, அவங்களுக்கு அது ஒரு சுமாரான டர்ன். உங்க 50 செகண்ட வெட்டின எடிட்டர் மேல இருக்கற கோவம் பாதி அன்னிக்கே போயிடும்னு நெனைக்கிறேன். நீளம் 20 நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் இழுக்கற அளவுக்கு மூணு பேரால ஒரு சீசன்ல எடுக்க முடியாது, எடுத்தா பாதி ஸ்லோமோஷனாதான் இருக்கும். செப்டம்பர் அக்டோபர்ல விடுங்க, ஆளுங்க பனிக்கு ஏங்கிட்டு இருக்கற நேரம். மான்ட்ரியல்ல 2007-ல ஃப்ரீஸ்கீக்குன்னே ஆரம்பிச்ச ஐஎஃப்3 மாதிரி ஃபிலிம் ஃபெஸ்டிவலுக்கு அனுப்புங்க. அப்புறம் நாலஞ்சு ஊர்ல ஹால் புடிச்சு நேர்ல போட்டு காட்டுங்க, அதுக்கு மேல நெட்ல ஃப்ரீயா விட்டுடலாம். டிக்கெட் காசுல பணக்காரன் ஆக முடியாது, ஆனா அடுத்த படத்துக்கு பிராண்ட்கிட்ட போகும்போது கைல வச்சு காட்ட ஒண்ணு இருக்கும்.

இன்னிக்கு ராத்திரியே அந்த முட்டி ஃப்ரெண்டுக்கு போன் பண்ணுங்க. அவன் சரின்னு சொன்னா கூடவே இதையும் பேசி வைங்க: பிப்ரவரிலயோ மார்ச்லயோ டாக்டர் ஸ்கீ பண்ணலாம்னு சொல்லுவாரு, சொன்ன மறுநாள் காலைல அவன் கேமராவ கீழ வச்சுட்டு "நானும் வர்றேன்டா"ன்னு நிப்பான். அன்னிக்கு எதிர் முகட்டுல யார் உக்காரறதுன்னு அந்த ஒரு பக்க ஒப்பந்தத்துலயே பேரோட எழுதிடுங்க.