டாடா நானோ ஏன் விற்கவில்லை?

நல்ல கார்தானே, அப்புறம் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 'உலகிலேயே மலிவான கார்' என்ற பெயர்தான் அதைக் கவிழ்த்தது என்பேன். முதல் கார் என்பது ஒரு குடும்பத்தின் பெருமை, அதைப் போய் ஏழைகளின் கார் என்று ஊரே பேசிய பிறகு ஸ்கூட்டரில் போகிறவர்கூட பழைய மாருதி 800 பக்கம்தான் போவார். அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார்.

வடிவமைப்பிலும் குறை உண்டு. 624 சிசி இன்ஜின் பின்னால் இருந்தது, டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது, பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும், இது ரொம்ப நாள் கழித்துத்தான் மாறியது. சில கார்கள் தீப்பிடித்த செய்தி பயத்தைக் கூட்டியது. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 2014 மோதல் சோதனையில் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது உண்மைதான், ஆனால் அதே சோதனையில் மாருதியின் ஆல்டோ 800-க்கும் பூஜ்ஜியம்தான், அது அமோகமாக விற்றதே!