விலை ஏறும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அறுவடை நேரத்தில் மலிவாகக் கிடைத்ததால், மைத்துனர் பேச்சைக் கேட்டு, நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டியில் கடன் வாங்கி தானிய மூட்டைகளைக் கிடங்கில் போட்டேன். போன வருடம் இதே சரக்கு ஆறு மாதத்தில் இரட்டிப்பு விலைக்குப் போனது. இந்த முறை நான்கு மாதமாகியும் விலை அசையவில்லை. இன்னும் கடன் வாங்கி இன்னொரு பங்கு சேர்க்கச் சொல்கிறார் மைத்துனர். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது தெரிந்துதான் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் கிடங்கில் கிடப்பதும் வரத்துதான், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். போன வருட விலையைப் பார்த்து நீங்கள் மட்டும் மூட்டை அடுக்கவில்லை. விவசாயியும் அதைப் பார்த்துத்தான் கூடுதலாக விதைத்திருப்பார்.

தானிய விலை சட்டென்று துள்ளும் என்பது உண்மை. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்று இங்கிலாந்தின் பொருளாதார எழுத்தாளர் சார்லஸ் டேவனன்ட் 1699-லேயே எழுதினார். விலை கூடிவிட்டது என்று யாரும் பாதி வயிறு சாப்பிடுவதில்லையே. ஆனால் சரக்கு சற்று மிஞ்சினாலும் அதே வேகத்தில் சரியும். மைத்துனர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

உங்களை அரிப்பது அந்த வட்டி. தோராயமாக 100-க்கு வாங்கியதாக வையுங்கள். ஆறு மாத வட்டி 12, கிடங்கு வாடகை 3, ஏற்றுகூலி, தரகு 3. ஆகமொத்தம் 118. இதோடு எடை குறையும். 14 சதவீத ஈரத்தில் கட்டிய 100 கிலோ மூட்டை 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 95.6 கிலோதான் நிற்கும், பூச்சி தின்றது தனி. அதையும் சேர்த்தால் விலை 123-ஐத் தொட்டால்தான் உங்கள் முதல் திரும்பும். நூற்றுக்கு மாதம் முக்கால் வட்டிக்குப் பணம் புரட்டும் பெரிய வியாபாரிக்கு, மற்ற செலவெல்லாம் இதேதான் என்றாலும், 116 போதும். அந்த விலை வந்ததும் அவர் சரக்கை இறக்க ஆரம்பிப்பார். சாதாரண வருடத்தில் உங்கள் 123 வராததற்குக் காரணம் அதுதான்.

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு மாதமும் வட்டியும் வாடகையும் சேர்ந்து இரண்டரை. மாதம் இரண்டரை சதவீதம் விலை ஏறாவிட்டால் வைத்திருப்பது நஷ்டம். மூன்று தவணையாக விற்றுவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்கினால், வாங்குபவர் குறைவான சந்தையில் நீங்களே விலையை உடைப்பீர்கள். தரையோடு ஒட்டிய அடி வரிசைதான் முதலில் கெடும், அதை முதலில் எடுங்கள். வரும் பணம் நேராகக் கடனுக்குப் போகட்டும்.

இறக்குமதி அனுமதி, இருப்பு வரம்பு (ஒருவர் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு) என்று அரசு எதையாவது அறிவித்தால் சரக்கு சந்தைக்கு வந்து விலை இறங்கும், தவணைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள்.

மைத்துனருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர் பணத்தில், அவர் பெயரில் வாங்கட்டும். அடுத்ததாக அவர் கமாடிட்டி ஃபியூச்சர்ஸ் பக்கம், அதாவது பின்னொரு தேதிக்கான சரக்கை இன்றைக்கே விலை பேசி, ஒரு பங்கு பணம் மட்டும் கட்டிப் பிடிக்கும் சந்தைப் பக்கம் இழுக்கலாம், இப்போது அதுதானே நாகரிகம். கிடங்கு வாடகை இல்லைதான். ஆனால் 10 கட்டி 100-க்கான சரக்கைப் பிடிப்பீர்கள், விலை 5 சதவீதம் இறங்கினால் கட்டியதில் பாதி போய்விடும். மீதியைக் காப்பாற்ற அன்றைக்கே பணம் கேட்பார்கள், அதற்கும் அதே இரண்டு வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம்தான் ஓட வேண்டியிருக்கும்.