பதில்: ஊத்துல மேஃப்ளை காணோம், ரத்தப்புழுதான் இருக்கு
பிரதர், ஏற்காடு அடிவார ஊத்துல 2012 சாம்பிள்ல மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை புழு (சுத்தமான தண்ணியில வாழுற பூச்சிங்க) நிறைய, இப்ப ரத்தப்புழு (ஒரு வகை கொசு மாதிரி ஈயோட செவப்புப் புழு) மட்டும், மாசுதானேன்னு கேட்டிருந்தீங்க. அவசரப்பட்டு எழுதிடாதீங்க. பழசு எந்த மாசம் எடுத்தது, பிடிச்ச வலையோட கண்ணு (ஓட்டை) எவ்ளோ பெருசுன்னு பாருங்க, அது ஐப்பசி மழைக்கப்புறம் இது சித்திரைன்னா கம்பேர் பண்றதே வேஸ்ட். நடுவுல எந்த வருஷமாவது ஊத்து வத்துச்சான்னு தோட்டத்துக்காரங்ககிட்ட கேளுங்க, எனக்கு அதுலதான் டவுட்டே, ஏன்னா சுத்தி போர் போட்டு நிலத்தடி தண்ணி எறங்கி ஒரு கோடை காஞ்சாலே ஓடுற தண்ணிய நம்பி இருக்குற பூச்சிங்க போயிடும், ரத்தப்புழு சீக்கிரம் தலைமுறை முடிக்கிற ஜாதி, பெருசானது பறந்து வந்து மறுபடி முட்டை போட்டுடும். அதுக்கு ஹீமோகுளோபின் வேற இருக்கு, ஆக்சிஜன் கம்மியான சேத்துலயும் தாக்குப்பிடிக்கும், அதனால அத மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது. மேல காபி பல்பிங் (காபிப்பழத் தோல உரிக்கிற) தண்ணி கலக்குதான்னும் பாருங்க, ஆக்சிஜன விடியறதுக்கு முன்னாடி அளங்க, பகல்ல பாசி ஆக்சிஜன் விட்டு அளவ கூட்டிக் காட்டி ஏமாத்திடும்.