சாம்பாரில் கலக்காதீர்கள்

கேள்வி: கணவருக்கு 43 வயது. பல வருடமாகத் தினமும் குடி. போன கார்த்திகையில் மாலை போட்டு நிறுத்தினார். மறுநாளே கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பயந்துபோய் நானே குவார்ட்டர் வாங்கிவரச் சொன்னேன். குடியை நிறுத்தும் மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா? அதைச் சாப்பிட்டால் ஆண்மை, கிட்னி போய்விடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறாரே? கவுன்சலிங் என்பது வெறும் பேச்சுதானே?
- ஈரோடு வாசகி

பதில்: கலக்கவே கலக்காதீர்கள் அம்மா. அந்த மாத்திரை டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. விஷயம் தெரிந்து, சம்மதித்து விழுங்குபவருக்கு மட்டுமே அது மருந்து.

ஆண்மையைக் கெடுப்பது பெரும்பாலும் குடிதான். கிட்னி, கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துத்தான் மாத்திரையே எழுதுவோம். யூடியூபில் பேசுபவர் உங்கள் கணவரின் ரிப்போர்ட்டைப் பார்த்தாரா?

எனக்குக் கவலை அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான். உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். அது சாமி குத்தமில்லை, பைத்தியமும் இல்லை. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாதது தெரியும், ஆள், இடம் மறக்கும், வியர்த்துக் காய்ச்சலடிக்கும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பச் சம்மதிக்காதீர்கள். குடிப்பவர்களுக்கு தயமின் என்ற பி1 சத்து குறைந்திருக்கும். அதை ஊசியில் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிச் சமாளிப்பதும் வேண்டாம். மேலே குடித்துவிட்டால் மூச்சே அடங்கும்.

இந்த வருடம் மாலை போடுவதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவருக்கு நடந்ததைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்துவதே நல்லது. நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆசை மாதக்கணக்கில் இழுக்கும். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் அந்த ஆசையைத் தணிக்கும், அடிமையாக்காது. ஆனால் சனிக்கிழமை சம்பளம் கையில் வந்ததும் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மாத்திரை தீர்மானிக்காது. அதற்குத்தான் பேச்சு. சம்பளத்தை யார் வாங்குவது, எந்த வழியாக வீட்டுக்கு வருவது, கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது, ஒருநாள் சறுக்கினால் மறுநாள் காலை யாரிடம் போவது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவு செய்வதுதான் கவுன்சலிங். பேச்சு இல்லாவிட்டால், மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் விடுவார்கள்; இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசை அடங்காதவரிடம் வெறும் பேச்சு எடுபடுவதும் கடினம்.

மாலை போட நினைக்கிறவருக்கு விடும் எண்ணம் இருக்கிறது. மாலையைக் கழற்றும் அன்று பாட்டிலோடு காத்திருக்கும் நண்பர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.