காணிக்கைக் கணக்கு மின்னஞ்சலில் போகும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒரு சபையில் பொருளாளராக இருக்கிறேன். எங்கள் சபையில் 240 குடும்பங்கள். இதுவரை ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் சந்தாப் புத்தகத்தைப் பார்த்து, அந்தந்தக் குடும்பம் கொடுத்த தசமபாகம், சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி ஆகியவற்றைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையில் கொடுத்து வந்தோம். சென்ற ஆண்டு அமெரிக்காவில் தயாரான ஒரு சபை நிர்வாக மென்பொருளை வாங்கி, ஏப்ரல் முதல் வரவுகளை அதில் பதிந்தோம். இப்போது கணக்கை மின்னஞ்சலில் அனுப்ப முயன்றால், சபையின் ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே அனுப்பிப் பார்த்தோம்; பலருக்கு ஸ்பேமில் விழுந்தது, சிலருக்கு வரவேயில்லை. வந்தவர்களோ தொகை குறைகிறது என்கிறார்கள். எங்கே பிழை?
– சபைப் பொருளாளர் ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: தாங்கள் கடைசியாகச் சொன்னதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் போய்ச் சேராவிட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். தொகை தவறாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் விளக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் தனிநபர் வருமான வரிக்கான ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அங்குள்ள சபைகள் ஜனவரி முடிவதற்குள் உறுப்பினர்களுக்குக் கணக்கு அனுப்பிவிடுவது வழக்கம் என்பதால், அவர்களுக்காகச் செய்யப்பட்ட மென்பொருளில் ‘சென்ற ஆண்டு’ என்று தேர்ந்தெடுத்தால் அது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்றே பொருள் கொள்ளும். தாங்கள் பதிவைத் தொடங்கியதே ஏப்ரலில். ஆகவே ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதக் காணிக்கை மட்டும் அறிக்கையில் ஏறி, கடைசி மூன்று மாதம் விடுபட்டிருக்கும். பிப்ரவரியில் கட்டட நிதிக்குப் பெருந்தொகை கொடுத்த குடும்பம் ஏதேனும் இருந்தால், முதலில் குரல் எழுப்பியவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அறிக்கை எடுக்கும் திரையில் தேதியைத் தாங்களே குறிப்பிடும் வசதி இருக்கும்; அங்கே ஏப்ரல் 1 என்றும் மார்ச் 31 என்றும் கையால் இடுங்கள். நிதியாண்டின் தொடக்க மாதத்தை மாற்றும் அமைப்பு தங்கள் மென்பொருளில் இருந்தால், அதையும் ஒரு முறை மாற்றி வைத்துவிடுங்கள்.

அதே அறிக்கையின் அடியில், ‘இக்காணிக்கைக்கு ஈடாகப் பொருளோ சேவையோ எதுவும் வழங்கப்படவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் வரிச்சலுகை கேட்பதற்கு, சபை எழுத்தில் தரும் ஒப்புகை வேண்டும் என்பது அமெரிக்க வரி விதி. அந்த ஒப்புகையில் இடம்பெற வேண்டிய வாசகம் அது. நம் ஊரில் அதற்குச் சட்டப் பயன் ஒன்றும் இல்லை. வரிச்சலுகைச் சான்றுதான் வந்திருக்கிறது என்று யாரேனும் தவறாக எண்ணவும் இடம் தரும். அதை நீக்கிவிட்டு, ‘இது தங்கள் தகவலுக்கான கணக்கு, வேறுபாடு இருந்தால் 15 நாட்களுக்குள் பொருளாளரிடம் ரசீதுடன் தெரிவிக்கவும்’ என்று நல்ல தமிழில் எழுதுங்கள்.

தேதியைத் திருத்திய பிறகும் உடனே அனுப்பிவிடாதீர்கள். எல்லாக் குடும்பங்களின் அறிக்கைகளிலும் உள்ள மொத்தத்தைக் கூட்டி, அதனுடன் பெயரில்லாமல் காணிக்கைப் பையில் விழுந்த தொகையைச் சேர்த்தால், அது பேரேட்டில் உள்ள ஆண்டுக் காணிக்கை வரவுடன் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால், ஒரே பெயருடைய இருவரில் ஒருவரது ரசீது மற்றவர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடாதீர்கள். அப்படிப்பட்ட பிழையில் மொத்தம் மாறாது. விடுபட்ட ரசீதையும் இரட்டிப்பாகப் பதிந்த ரசீதையும் தேடுங்கள். பெயர் மாறிய பிழையைக் கண்டுபிடிக்க, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை வைத்துக்கொண்டு இருவர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் திரையில் சரிபார்ப்பதைவிட நல்ல வழியை நான் இதுவரை காணவில்லை.

இனி கடவுச்சொல்லுக்கு வருவோம். ஜிமெயிலின் வழக்கமான கடவுச்சொல்லைக் கொண்டு வெளி மென்பொருள்கள் உள்நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின், ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்ற பகுதியில் 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று, அதை மென்பொருளில் இட்டால் ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு படிச் சரிபார்ப்புக்குப் பொருளாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த தேர்தலில் பொறுப்பு மாறியதும் சபையின் மின்னஞ்சலுக்குள் யாருமே நுழைய முடியாமல் தவித்த கதைகள் ஏராளம். அலுவலக எண் ஒன்றைக் கொடுத்து, கைப்பேசி கையில் இல்லாதபோது உள்நுழைய கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, ரசீதுப் புத்தகங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கட்டணமில்லாத ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 மின்னஞ்சல்கள் வரை அனுப்பலாம். 240 குடும்பங்களுக்கு அது போதும் என்றாலும், பிழை நேர்ந்து மறுபடி அனுப்புவதும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்பதால், அறுபது அறுபதாகப் பிரித்து நான்கு நாட்களில் அனுப்புவதே உசிதம்.

ஸ்பேமில் விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: கடிதத்தில் அனுப்புநர் என்று தங்கள் ஜிமெயில் முகவரி இருக்கிறது, ஆனால் அது கிளம்பியதோ மென்பொருள் நிறுவனத்தின் சர்வரிலிருந்து. காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுவதாகச் சொல்லும் கடிதத்தில் வேறு ஏதோ ஊரின் அஞ்சல் முத்திரை இருந்தால் நாம் சந்தேகப்பட மாட்டோமா? பெறுகின்ற நிறுவனங்களும் அப்படித்தான் சந்தேகப்படுகின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுள் இந்தச் சோதனையை மேலும் கடுமையாக்கியிருக்கிறது. மேலே சொன்னபடி ஜிமெயிலின் வழியாகவே அனுப்பினால் முகவரியும் முத்திரையும் ஒத்துப்போகும். சபைக்கெனத் தனி இணையப் பெயர் வாங்கியிருந்தால், கடிதம் உண்மையில் தங்களிடமிருந்தே வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய இரண்டு பதிவுகளை அதன் அமைப்பில் சேர்த்துத் தரும்படி அதை விற்றவரிடம் கேளுங்கள்.

வரவேயில்லை என்பவர்களின் முகவரிகளை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். ‘.காம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘.கான்’ என்று தட்டச்சாகியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

முகவரியைப் பற்றிப் பேசும்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. எக்செல் பட்டியலில் பெயர் வரிசையை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கிவிட்டு, மின்னஞ்சல் வரிசை பழையபடியே நிற்பதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் தொலைபேசியில், ‘தம்பி, என் சம்பந்தி இவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் போயிற்றே’ என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்று பிரசங்கிக்கும் இடத்தில், அண்டை வீட்டாருக்கே அறிவித்துவிடும் வல்லமை இந்தப் பொத்தானுக்கு உண்டு. ஆகவே முதல் சுற்றை ஆயர் ஐயா, செயலர், தாங்கள் என மூவருக்கு மட்டும் அனுப்பிப் பெயர், முகவரி, தொகை மூன்றும் ஒரே ஆளுக்குரியவைதானா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். ஒரே பிடிஎஃப் கோப்பில் எல்லாருடைய கணக்கையும் சேர்த்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடும் யோசனையை யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பல குடும்பங்களில் தந்தை கொடுக்கும் காணிக்கைக்குப் பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனின் மின்னஞ்சல் முகவரியே பதிவாகியிருக்கும். அப்பா எவ்வளவு கொடுக்கிறார் என்பது மகனுக்குத் தெரிய வேண்டுமா என்பதை அப்பாதான் முடிவு செய்ய வேண்டும். முகவரி வாங்கும் படிவத்திலேயே ‘என் காணிக்கைக் கணக்கை இந்த முகவரிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே வந்துவிட்ட காலத்தில், அந்த ஒரு கையெழுத்து தங்களுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: அறுப்பின் பண்டிகையில் நான் 5 கிலோ புளி காணிக்கையாகக் கொடுத்தேன். ஏலத்தில் இன்னொருவர் அதை 1,500 ரூபாய்க்கு எடுத்தார். சபையிலிருந்து வந்த கணக்கில் அந்த 1,500 ரூபாய் அவர் பெயரில் காணிக்கையாக இருக்கிறது. என் பெயரில் ஒன்றும் இல்லை. இது முறையா?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: தங்கள் மனக்குறை நியாயமானது, அதற்காக ஏலம் எடுத்தவர் பெயரை நீக்கிவிடவும் முடியாது, பணம் கொடுத்தவர் அவர்தான். பெரும்பாலான மென்பொருள்களில் பொருளாகக் கொடுத்த காணிக்கையைப் பதிய ஒரு வகை இருக்கும். அதில் தங்கள் பெயருக்கு நேராக ‘புளி, 5 கிலோ’ என்று பொருளையும் அளவையும் மட்டும் எழுதினால் போதும். தொகையை அங்கும் எழுதினால் ஒரே 1,500 ரூபாய் இருவர் கணக்கிலும் ஏறி, ஆண்டு மொத்தம் பேரேட்டுடன் பொருந்தாமல் போகும். ஏலத்தில் எடுத்தவர் கொடுத்ததையும் தசமபாகத்தோடு கலக்காமல், ‘அறுப்பின் பண்டிகை ஏலம்’ என்று தனித் தலைப்பில் காட்டுவதே சரி. அவர் புளியை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். முந்தைய பதிலில் நான் நீக்கச் சொன்ன ஆங்கில வரியை அப்படியே விட்டிருந்தால், ‘பொருள் எதுவும் வழங்கப்படவில்லை’ என்று சபை அவருக்கு எழுதித் தந்ததாகியிருக்கும்!

கேள்வி: சபை அனுப்பிய மின்னஞ்சல் கணக்கைக் காட்டி வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி சலுகை பெறலாமா?
– ஆசிரியர் ஒருவர், தருமபுரி

பதில்: பொதுவாக இயலாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, முழுவதுமாகவோ பெரும்பாலுமோ சமய நோக்கத்துக்கான நிதிகளுக்குச் சலுகை தருவதில்லை. வரலாற்று, கலைச் சிறப்புக்காகவோ மாநிலம் முழுவதும் அறியப்பட்ட வழிபாட்டுத் தலம் என்பதாலோ மத்திய அரசு அறிவிக்கை செய்த ஆலயத்தின் சீரமைப்புக்குக் கொடுப்பது விதிவிலக்கு. சபையைச் சார்ந்த பள்ளி அல்லது விடுதியை நடத்தும் அறக்கட்டளைக்கு 80ஜி ஒப்புதல் இருந்து, தாங்கள் அதற்கு நேரடியாகக் கொடுத்திருந்தால் வழி உண்டு. அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. அந்த அறக்கட்டளை நன்கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடி-யில் துறையின் தளத்தில் மே 31-க்குள் பதிந்து, அங்கிருந்து பெறும் 10பிஇ சான்றைத் தங்களுக்குத் தர வேண்டும். மென்பொருள் தயாரித்த பிடிஎஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இச்சலுகையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் கொடுப்பவற்றுக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும்; அதில் பிரிவு எண்கள் வேறு.

கேள்வி: கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்ட என் மகன் சபைக்குப் பணம் அனுப்ப விரும்புகிறான். அவனுக்கும் கணக்கு மின்னஞ்சலில் வருமா?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: அம்மா, கணக்கு அனுப்புவதற்கு முன், அந்தப் பணத்தைச் சபை வாங்கலாமா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்டவர், நம் நாட்டு வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். அதற்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். சபைக்கென்று அவர் அனுப்புவதைத் தங்கள் பெயரில் கட்டி ரசீது வாங்குவது வேண்டாம். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் எழாது. அவர் கடவுச்சீட்டின் விவரத்தைச் சபை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது, மின்னஞ்சல் கிடையாது. வாரம் தவறாமல் 50 ரூபாய் பையில் போடுகிறார். வந்த கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வருந்துகிறார்.
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: பையில் விழும் பணத்தில் பெயர் இருப்பதில்லை, எண்ணுகிறவர்கள் அதைப் பொதுக் காணிக்கை என்றே பதிய முடியும். முழுவதும் சமய நோக்கத்துக்கான அமைப்பு என்றால், பெயர் தெரியாமல் வரும் காணிக்கைக்கு 30 விழுக்காடு வரி விதிக்கும் பிரிவு பொருந்தாது என்பதால், சபைகளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்ப எண் அச்சிட்ட 52 சிறு உறைகளைச் சபை அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தாயாரிடம் கொடுங்கள். பைக்குள் அந்த உறையைப் போட்டால், எண்ணைப் பார்த்து அவர் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். மின்னஞ்சல் இல்லாதவர்களின் அறிக்கையை மட்டும் மென்பொருளில் பிரித்து அச்சிடலாம். எழுத்தின் அளவை 16 ஆக்கி, உறையை ஒட்டி, பழையபடி ஆராதனை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுக்கும்படி பொருளாளரிடம் சொல்லுங்கள்.