நடுக்கடலில் ஒரு குற்றம் நடந்தால் எந்த நாட்டு போலீஸ் விசாரிக்கும்?

கேள்வி கேட்டவரின் தம்பி பனாமா கொடியுள்ள சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு ஏதாவது நடந்தால் இந்திய போலீஸ் வருமா என்பது வீட்டாரின் கவலை. நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், வழக்கறிஞர். இந்தக் கேள்வியோடு பல வருடமாக வாழ்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். ஆழ்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போகிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும். ஆக, பனாமா. குற்றம் செய்தவர் இந்தியக் குடிமகன் என்றால் இந்தியாவும் வழக்கு நடத்தலாம். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவே அதைச் சொல்கிறது, பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் விசாரணையைத் தொடங்க முடியாது. அடிபட்டவர் மட்டும் இந்தியர், அடித்தவரும் கப்பலும் வெளிநாடு என்றால் நம் பொதுவான குற்றச் சட்டம் அங்கே எட்டாது. கடற்கொள்ளை, கப்பலைக் கைப்பற்றுவது போன்ற சிலவற்றுக்குத்தான் தனிச் சட்டங்கள் உண்டு.

சரி, சுட்டவன் ஒரு கப்பலில், செத்தவன் இன்னொரு கப்பலில் என்றால்?

2012 பிப்ரவரி 15, மாலை. கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல்மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு. பதினோரு பேர் இருந்த படகில் பெரும்பாலானோர் தூக்கத்தில். ஒருவர் சுக்கான் பிடித்திருந்தார், இன்னொருவர் படகின் முன்பக்கம் இருந்தார். அந்த வழியாகப் போன இத்தாலியக் கொடியுள்ள எண்ணெய்க் கப்பல் 'என்ரிகா லெக்ஸி'யிலிருந்து குண்டு பாய்ந்தது. விழித்திருந்த அந்த இரண்டு பேரும் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் எங்கள் குமரி மாவட்டத்துப் பையன். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள். கப்பல் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. இரண்டு வீரர்களைக் கேரள போலீஸ் கொலை வழக்கில் கைது செய்தது.

அப்பா இருபது வருடம் விசைப்படகில் போனவர். மலையையும் கோயில் கோபுரத்தையும் பார்த்துத்தான் கரை எவ்வளவு தூரம் என்று சொல்வார். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவருக்குக் கோடு கிழித்துக் காட்டினேன். கரையிலிருந்து 12 கடல்மைல் வரை இந்திய மண் மாதிரியே. 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றைக் கண்காணிக்கும் உரிமை. 200 வரை மீனும் எண்ணெயும் நமக்கு, ஆனால் கப்பல் போக எல்லா நாட்டுக்கும் வழி உண்டு. இந்தச் சம்பவம் 12-க்கும் 24-க்கும் நடுவில். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "அப்ப அவனுவள எந்தக் கோர்ட்டுல நிறுத்துவாவ மக்களே?"

நீதிமன்றங்களும் அதே கேள்வியில்தான் வருடக்கணக்காக நின்றன. 1926-இல் 'லோட்டஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கிக் கப்பலில் மோதி எட்டுத் துருக்கியர் இறந்தபோது, பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரிக்கலாம் என்று அன்றைய சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஆறுக்கு ஆறு என்று நின்று, தலைவரின் வாக்கில் முடிவான தீர்ப்பு அது. பாதிப்பு எந்தக் கப்பலில் விழுந்ததோ அந்த நாட்டுக்கும் உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. மோதல் போன்ற விபத்துகளுக்கு மட்டும் இந்த விதியைப் பின்னால் ஒப்பந்தங்கள் மாற்றிவிட்டன. குறிபார்த்துச் சுடுவது விபத்தில் சேராது. இத்தாலியோ சேரும் என்று வாதாடியது.

2013 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு வெளியே கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு சிறப்பு நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது. அடுத்த மாதம் ஓட்டுப் போட ஊருக்குப் போன வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி சொன்னதும், அந்நாட்டுத் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் வீரர்கள் திரும்பி வந்தார்கள், இத்தாலிய வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார்.

அப்புறம் 2015-இல் இத்தாலி சர்வதேச நடுவர் மன்றம் போனது. 2020-இல் ஐந்து பேர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியா, இத்தாலி இரண்டுக்குமே விசாரிக்கும் அதிகாரம் உண்டு, இது கப்பல் விபத்தும் அல்ல. அது வரைக்கும் நம் பக்கம்தான். ஆனால் வீரர்கள் அரசாங்க வேலையில் இருந்தவர்கள் என்பதால் வேறு நாட்டு நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாத விலக்குரிமை இருக்கிறது, எனவே இந்தியா வழக்கை நிறுத்த வேண்டும் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவானது. படகின் போக்குவரத்துச் சுதந்திரத்தை மீறியதற்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 2021 ஜூனில் 10 கோடி ரூபாயோடு உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. இரண்டு குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. இத்தாலியில் நடந்த விசாரணையை 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதிகாரம் இரண்டு நாட்டுக்கு இருந்தும், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி யார் சுட்டார், ஏன் சுட்டார் என்று ஒரு நீதிமன்றமும் கேட்டு முடிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். இழப்பீடு வேண்டியதே, நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பா கேட்டது பணத்தைப் பற்றி இல்லை.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவர் கப்பலின் பெயர், கப்பலை அடையாளம் காட்டும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண், கொடி, அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் பதிவு எண் நான்கையும் வீட்டில் எழுதி வையுங்கள். கப்பல் மாறும்போதெல்லாம் மாற்றி எழுதுங்கள். ஏதாவது நடந்தால் அந்த நேரத்தில் கப்பல் நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நேரத்தோடு குறித்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து மும்பையில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கும், அடுத்த துறைமுகம் எந்த நாட்டிலோ அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கும் அன்றைக்கே எழுதுங்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் கூட இருந்து பார்த்தவர்களும் அதிலேயே போய்விடுவார்கள்.